இரவில் தாமதமாக வீடு திரும்புதல்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவுப் பணி முடித்தும், வெளியூரிலிருந்து வந்து இறங்கியும், மருத்துவமனையில் உறவினருக்குத் துணையிருந்துவிட்டும் சென்னையில் பின்னிரவில் வீடு திரும்புவோர் ஏராளம். அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எல்லா விடைகளுக்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. ரயிலும் பேருந்தும் ஓடும் பெருவழியைக் காட்டிலும், இறங்கும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடைப்பட்ட கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரே இரவில் அதிகக் கவனம் கோருகிறது. அதை எவ்வாறு கடக்கப் போகிறோம் என்பது புறப்படுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இரவில் தாமதமாக வருவதையே தவிர்த்துவிட்டால் என்ன?

இக்கேள்வி பெரும்பாலும் பெண்களிடமே கேட்கப்படுகிறது. அரசு மருத்துவமனையில் மாலை ஷிப்ட் முடித்து வரும் செவிலியர், பழைய மகாபலிபுரம் சாலையில் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியர், தியாகராய நகர்த் துணிக்கடையில் ஷட்டர் இறங்கிய பிறகே வெளியே வர முடிகிற விற்பனைப் பெண், கோயம்பேடு சந்தையில் நள்ளிரவில் சரக்கு இறக்கும் தொழிலாளி ஆகிய எவரும் தம் நேரத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். இவர்களை நம்பித்தான் நகரம் இரவில் இயங்குகிறது. ஆகவே "வீட்டிலேயே இரு" என்பதைப் பாதுகாப்பு அறிவுரையாக ஏற்க முடியாது. கீழே சொல்லப்படுபவை ஆபத்தைக் குறைக்கும் வழிகள் மட்டுமே. அவற்றில் ஒன்றைக்கூடப் பின்பற்றாத ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் குற்றம் முழுவதும் தீங்கு செய்தவருடையதே. பாதிக்கப்பட்டவரிடம் "ஏன் அப்படிச் செய்யவில்லை" என்று கேட்பதற்கு எவரும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கடைசி ரயிலும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு?

மெட்ரோ ரயில் அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. இரவு 11 மணிக்கு முனையங்களிலிருந்து கடைசி ரயில்கள் புறப்படுகின்றன. ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ நீலப் பாதையிலிருந்து பச்சைப் பாதைக்கு மாற வேண்டியவர்கள், மாறும் நிலையத்தில் அடுத்த பாதையின் கடைசி ரயில் எப்போது வருகிறது என்பதைத்தான் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாதையின் ரயிலைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் வந்து, பாதி வழியில் நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள்தாம். கடற்கரை – தாம்பரம் வழித்தடத்தில் மின்சார ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுபோய், மறுநாள் அதிகாலை நான்கு மணிவாக்கில் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. பறக்கும் ரயில் அதற்கும் முன்பே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காக இரவு ரயில்களைத் தெற்கு ரயில்வே ரத்து செய்வதும் உண்டு. மாநகரப் போக்குவரத்துக் கழகம் சில தடங்களில் இரவுப் பேருந்துகளை இயக்குகிறது என்றாலும் அவற்றுக்கிடையே நெடுநேரம் காத்திருக்க நேரும். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியையே உங்களுடைய கடைசி வண்டி என்று கருதிக்கொண்டால், அது தவறினாலும் இன்னொன்று மிச்சமிருக்கும்.

ரயில் நிலையத்திலும் பெட்டியிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

மின்சார ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பெட்டி முற்றிலும் காலியாக இருக்குமானால், பெயருக்காக அதில் தனியே அமர்வதைவிட நான்கைந்து குடும்பத்தினர் அமர்ந்திருக்கும் பொதுப் பெட்டியில் ஏறுவதே மேல். நடைமேடையில் காத்திருக்கும்போது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நடுப்பகுதியில் நிற்க வேண்டும். மெட்ரோவில் 2020 நவம்பர் முதல், முன்பு முதல் வகுப்பாக இருந்த பகுதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பெட்டிக்குள்ளிருந்து ஓட்டுநருடன் பேசுவதற்கான கருவியும் உண்டு. ரயிலில் தொல்லை நேர்ந்தால் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் சட்டத்தில் இருக்கிறது. ஆண் துணையின்றிப் பயணம் செய்யும் பெண்ணிடம் சீட்டு இல்லை என்பதற்காக, அவரை இரவில் ரயிலிலிருந்து இறக்கிவிட எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை. பகலில் மட்டுமே, அதுவும் அவர் ஏறிய நிலையத்திலோ சந்திப்பு, முனையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றிலோதான் இறக்க முடியும் என்று ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்கிறது.

கூட்டம் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் இளம்பெண் ஒருவர் காலை வேளையில், மற்றப் பயணிகள் இருக்கும்போதே கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமராகூட இருக்கவில்லை. நடைமேடையில் ஒருவர் இன்னொருவரைத் தொடர்வதையோ மிரட்டுவதையோ கண்டால், அது அவர்களுடைய சொந்த விஷயம் என்று ஒதுங்காமல் உடனே அழைப்பு விடுப்பது உடனிருப்பவர்களின் கடமை.

ஆட்டோவிலோ கால் டாக்சியிலோ ஏறும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் எண் பலகை. வாடகை வாகனத்துக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். மின்சாரத்தில் ஓடும் வாடகை வாகனத்துக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். செயலியில் வந்த பதிவெண்ணும் எதிரே நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், "அந்த வண்டி ரிப்பேர், அதனால் இதில் வந்தேன்" என்ற விளக்கம் எவ்வளவு பணிவாகச் சொல்லப்பட்டாலும் ஏறக் கூடாது. உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், யாருக்காக வந்திருக்கிறார் என்று ஓட்டுநரையே சொல்லச் சொல்லுங்கள். ஓடிபி எண்ணை எண் பலகையைச் சரிபார்த்த பிறகு கொடுத்தால் போதும். பயண விவரத்தை வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அனுப்புவதோடு, "வண்டி ஏறிட்டேன், நம்பர் அனுப்பியிருக்கேன், இருபது நிமிஷத்துல வந்துடுவேன்" என்று ஓட்டுநரின் காதில் விழும்படி ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

2019 ஜனவரி 1 முதல் பதிவு செய்யப்பட்ட புதிய டாக்சிகளிலும் பேருந்துகளிலும் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். மூன்று சக்கர வாகனங்களுக்கு அந்த விதியில் விலக்கு இருப்பதால் எல்லா ஆட்டோவிலும் அதை எதிர்பார்க்க முடியாது. காரில் ஏறியவுடன் பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கான பூட்டு போடப்பட்டிருந்தால் எடுக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள இருக்கையில் அமர்வதும், உங்கள் கைப்பேசியிலும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வதும் உதவும். வழி மாறினால் பதற்றப்படாமல், ஆனால் தாமதிக்காமல் கேட்டுவிட வேண்டும். மெட்ரோ பணிகளால் பல சாலைகள் அடைக்கப்பட்டிருப்பதால் வழிமாற்றம் எல்லாமே சந்தேகத்துக்குரியது ஆகிவிடாது. கேள்விக்கு ஓட்டுநர் தரும் விடை தெளிவாக இருக்கிறதா என்பதே முக்கியம். "நம்ம ஆளுதான், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிடுவார்" என்று வழியில் வேறொருவரை ஏற்ற முயன்றால், வெளிச்சமுள்ள இடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

ஷேர் ஆட்டோவைப் பொறுத்தவரை, பின்னிரவில் இரண்டு மூன்று ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் வண்டி, இடமிருக்கிறது என்று வலிய அழைத்தால் ஏறாமல் விடுவது நல்லது. பயணிகளைப் போல் உட்கார்ந்திருந்து வழிப்பறி செய்வது பழைய தந்திரம். கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டால், இறங்குமிடத்தில் நின்று தகராறு செய்ய வேண்டியிருக்காது. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணத்தில், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்றும், இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை அதில் பாதி கூடுதல் என்றும் இருந்தது. நடைமுறையில் கேட்கப்படும் தொகை அதற்கு மேல்தான் என்பது அனைவருக்கும் தெரியும்; ஆயினும் இரவுக் கட்டணம் பகலைப்போல் ஒன்றரை மடங்கு என்ற கணக்கு, பேரம் பேசுவதற்கு ஓர் அளவாக உதவும். 2025 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்ட, பெண்களே ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்களும் நகரில் ஓடுகின்றன.

இறங்கும்போது ஒரு வேண்டுகோளைத் தயங்காமல் வைக்கலாம்: "அண்ணா, நான் கேட்டைத் திறந்து உள்ளே போகிறவரைக்கும் லைட் போட்டு நில்லுங்க." பெரும்பாலான ஓட்டுநர்கள் மகிழ்ச்சியுடன் நிற்பார்கள். ஓட்டுநர்கள் எல்லோரையும் ஐயத்துடன் பார்க்கச் சொல்வது இந்த விடையின் நோக்கம் அன்று. நள்ளிரவில் நடுத்தெருவில் நின்றவர்களைப் பத்திரமாக வீடு சேர்த்தவர்களும் அவர்களே.

பைக் டாக்சி?

விரைவும் மலிவும் உண்மை. எண் சரிபார்ப்பும் பயண விவரம் பகிர்தலும் இதற்கும் பொருந்தும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். தராவிட்டால் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

அதிகாலை 3 மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் என்ன செய்வது?

2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கான முனையம் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டதிலிருந்து, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நகரின் எல்லையில் வந்து இறங்குவோர் கூடிவிட்டனர். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருபவர்கள் பேருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அது எத்தனை மணிக்குச் சென்னை சேரும் என்று கணக்கிட்டு, ஐந்து மணிக்குமேல் சேரும் வண்டியில் சீட்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆம்னி பேருந்தில் வருபவர்கள், வழியில் பைபாஸ் மேம்பாலத்தடியில் இறக்கிவிடச் சம்மதிக்காமல் முனையத்துக்குள் இறங்குவதே பாதுகாப்பு. முன்னேரத்தில் வந்துவிட்டால் முனையத்தின் காத்திருப்புப் பகுதியில் விடியும்வரை அமர்ந்திருங்கள். கட்டணத் தங்கும் அறைகளும் உண்டு. தாம்பரம், கிண்டி, கோயம்பேடு ஆகிய திசைகளில் மாநகரப் பேருந்துகள் உள்ளிருந்தே புறப்படுகின்றன. வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில் நின்று பையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பவர்களின் வண்டியில் ஏறாதீர்கள். மூட்டை முடிச்சுகளுடன், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்தான் எளிதில் ஏமாறுவார் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடக்க வேண்டியிருக்கிறது. யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால்?

தோன்றிய உடனே அதை மெய்யென்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் மறுபக்கத்துக்கு மாறுங்கள். அவரும் மாறினால், அருகில் திறந்திருக்கும் மருந்துக்கடை, டீக்கடை, பெட்ரோல் பங்க், மருத்துவமனை வாசல், காவலாளி அமர்ந்திருக்கும் ஏ.டி.எம். அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றில் ஒன்றை நோக்கி நடந்து, அங்கிருப்பவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டை நோக்கி ஓடுவது, உங்கள் முகவரியை அவருக்குக் காட்டிக்கொடுப்பதாக முடியும். இப்படிப்பட்ட இடங்கள் உங்கள் வழியில் எவை, அவற்றில் எது எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதைப் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டாலே மற்ற அறிவுரைகள் பலவற்றுக்குத் தேவை குறையும்.

குறுக்குச் சந்து ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், கடைகள் உள்ள சுற்றுவழியே இரவுக்கு ஏற்றது. சுரங்கப்பாதையும் நடைமேம்பாலமும் ஆளரவமின்றி இருந்தால், சற்றுத் தள்ளி சிக்னலில் கடக்கலாம். இரண்டு காதிலும் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு நடந்தால் பின்னால் வரும் பைக்கின் ஓசை கேட்காது. வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடந்தால், சங்கிலியோ கைப்பேசியோ பறிக்க வருபவர் பின்னாலிருந்து அணுக முடியாது. அப்படியும் பறித்துவிட்டால், பையையோ சங்கிலியையோ இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பைக்கோடு இழுத்துச் செல்லப்பட்டுப் படுகாயம் அடைந்தவர்கள் உண்டு. பொருளை விட்டுவிட்டு, வண்டி எண்ணையோ நிறத்தையோ போன திசையையோ நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிளகுத் தெளிப்பான் வைத்துக்கொள்ளலாமா?

சட்டத்தில் தடையில்லை. ஆனால் பைக்குள் அடியில் கிடக்கும் தெளிப்பான் பயன்படாது. எதிர்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணிலேயே படும். விமான நிலையச் சோதனையில் அதைக் கைப்பையில் கொண்டுசெல்ல அனுமதிக்க மாட்டார்கள். தப்பி ஓடச் சில விநாடிகள் கிடைப்பதற்காக மட்டுமே அது. தனித்து நின்று போராடுவதைவிட, உரக்கக் குரல் எழுப்புவதும் வெளிச்சத்தை நோக்கி ஓடுவதும் பலன் தரும்.

தெருநாய்களை எப்படிச் சமாளிப்பது?

நள்ளிரவில் வீடு திரும்பும் சென்னைவாசிகளில் பலர் மனிதர்களைவிட இவற்றுக்கே அதிகம் அஞ்சுகின்றனர்; அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. நாய்கள் குரைத்துக்கொண்டு நெருங்கினால் ஓடக் கூடாது. நின்று, கண்ணோடு கண் பார்க்காமல், பையை முன்னால் பிடித்தபடி மெல்ல விலக வேண்டும். இருசக்கர வாகனத்தில் போகும்போது துரத்தினால் வேகத்தைக் கூட்டுவது விபத்தில் முடியும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அவை துரத்துவதை விட்டுவிடும். கடித்துவிட்டாலோ நகம் பட்டு இரத்தம் கசிந்தாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்ட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்துக்கு அதனுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிது என்பதால், தவணைகளில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது.

சொந்த இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் கவனிக்க வேண்டியவை?

இரவில் உயிரைப் பறிப்பதில் குற்றவாளிகளைக் காட்டிலும் சாலைக்கே பங்கு அதிகம். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, மூடப்படாத பள்ளம், விளக்கில்லாமல் நிறுத்தப்பட்ட லாரி, காலையில் இல்லாமல் மாலையில் முளைத்திருக்கும் மெட்ரோ தடுப்பு ஆகியவை பழகிய பாதையிலேயே காத்திருக்கும். முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். கண் சொருகினால் டீ குடித்துவிட்டுத் தொடர்வதோடு நிறுத்தாமல், பாதுகாப்பான இடத்தில் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புவதே சரி. மது அருந்தியிருந்தால் வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வேறு வாகனத்தில் வாருங்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேலிருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்க முடியும். உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள், விளக்கில்லாத முகவரிக்கு உள்ளே போக மறுத்து வாடிக்கையாளரைத் தெருமுனைக்கு வரச் சொல்லலாம். அப்படிச் சொல்பவரிடம் கோபித்துக்கொள்ளாமல் வாடிக்கையாளர் நான்கடி நடந்து வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்?

தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாலத்துக்குள் எந்த வாகனத்திலும் இறங்காதீர்கள். முழங்காலளவு நீரில் நடக்க நேர்ந்தால் சாலையின் நடுப்பகுதியை ஒட்டியே நடக்க வேண்டும். ஓரத்தில் திறந்த கால்வாயும் மின்வாரியத்தின் பில்லர் பெட்டியும் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அவசரத்தில் எந்த எண்ணை அழைப்பது? கைப்பேசியில் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் 112 போதும். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது வழி. காவல்துறைக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவிக்கு 181 மற்றும் 1091, குழந்தைகளுக்கு 1098 ஆகியவையும் இயங்குகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் உங்கள் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். இன்றைய கைப்பேசிகளில் பவர் பொத்தானைத் தொடர்ந்து சில முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் அது எப்படி இயங்குகிறது என்பதை அமைப்புகளில் இன்றே பாருங்கள், ஏனெனில் கை நடுங்கும் வேளையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அழைப்பில் முதலில் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்: தெருப்பெயர் தெரியாவிட்டால் கடைப் பலகை, மெட்ரோ தூண் எண், பேருந்து நிறுத்தத்தின் பெயர். பெயரும் நடந்ததும் அதற்குப் பிறகு.

சார்ஜ் தீர்ந்தால் இவை எதுவும் உதவாது. சிறிய பவர் பேங்க் ஒன்றும், இரண்டு உறவினர் எண்கள் எழுதிய தாளும், ஐந்நூறு ரூபாய் ரொக்கமும் தனியே இருக்கட்டும். கைப்பேசி பறிபோனால் அதிலுள்ள பணச் செயலிகளே முதல் கவலை: வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள், பணம் எடுக்கப்பட்டிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். காவல் புகாரின் நகலோடு, மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கைப்பேசியையே முடக்க முடியும். அதற்கு வேண்டிய, கைப்பேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை, *#06# அழுத்திப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி என்றால், வீடு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பா?

ஆம். தொழிற்சாலைகளில் பெண்களை இரவுப் பணியில் அமர்த்துவதற்கிருந்த தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோதே, போக்குவரத்து வசதி உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழ்நாடு அரசு பிறப்பித்து, பின்னர் நீட்டித்துள்ள ஆணையும் இதைச் சொல்கிறது: இரவு 8 மணிக்கு மேல் பெண் ஊழியரைப் பணியமர்த்த அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் செய்துதர வேண்டும், வாகன வசதி இருப்பதை முகப்பில் அறிவிப்பாக வைக்க வேண்டும். ஆகவே வாகனம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

2014 பிப்ரவரியில், சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணி முடித்து இரவில் கிளம்பிய பெண் ஊழியர் ஒருவர் வீடு சேரவில்லை; ஒரு வாரத்துக்கும் மேலான பிறகு, வளாகத்துக்கு அருகிலேயே அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான சிறுதூரத்தை நிறுவனங்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்த நகரம் அன்று அறிந்துகொண்டது. நிறுவன வாகனத்தில் ஆண் பயணிகள் இறங்கிய பிறகு பெண் ஒருவர் மட்டும் தனியே எஞ்சும்படி வழித்தடம் அமைந்திருந்தால், மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்த வாகனத்துக்குள் நேரும் பாலியல் தொல்லை, 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி பணியிடத்தில் நேர்ந்ததாகவே கருதப்படும். மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்கும் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம்.

இரவில் காவலர்கள் நிறுத்தினால்?

வாகனச் சோதனை இயல்பானது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆவணங்களைக் காட்டினாலே போதும். அபராதம் என்றால் ரசீது கேளுங்கள். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அச்சூழலிலும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரியே செய்ய வேண்டும். சீருடையின்றி வந்து, "போலீஸ், முன்னால் கொலை நடந்திருக்கிறது, நகைகளைக் கழற்றித் தாளில் மடித்து வையுங்கள்" என்று சொல்பவர் திருடரே. எந்தக் காவலரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்று புகாரை வாங்க மறுத்தால்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால், வழக்குப் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பாலியல் குற்றம் குறித்த பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பின்தொடர்தல், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். தமிழ்நாட்டுக்கென்று 1998ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது, அதன் தண்டனைகள் 2025இல் கடுமையாக்கப்பட்டன. "ஒன்றும் நடக்கவில்லையே" என்று விட்டுவிடாமல் புகார் தருவதால், அதே இடத்தில் ரோந்து கூடும்.

வீட்டில் காத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பது, நடந்து வருபவரின் கவனத்தையும் சார்ஜையும் தின்றுவிடும். எத்தனை மணிக்கு வர வேண்டும், அதற்குமேல் எவ்வளவு நேரம் கழித்துத் தேடத் தொடங்குவது என்பதை முன்னதாகப் பேசி வையுங்கள். ஆபத்தைக் குறிப்பால் உணர்த்த, வீட்டாருக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல் இருக்கட்டும். முடிந்தால் ஒருவர் தெருமுனை வரை போய் நிற்கலாம். வர வேண்டியவர் வரவில்லை, தொடர்பும் இல்லை என்றால் இருபத்து நான்கு மணி நேரம் காத்திருந்துதான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடனே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கிக் கழியும் அந்த முதல் சில மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

வழியில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், நின்றால் வம்பு வருமா?

வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழைத்துவிட்டு, வெளிச்சத்தில் நின்று, பின்னால் வரும் வண்டிகளை எச்சரியுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் அரசே ஏற்கிறது. தனியாக வரும் பெண் இறங்க அஞ்சினால், நிற்காமலே 108க்குச் சொல்வதும் உதவிதான்.

எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்வது?

பெருநகரச் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்து, விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் தெருப்பெயரையும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பத்தின் எண்ணைப் பகலிலேயே படம் எடுத்து வைத்தால் எளிது. மரக்கிளை விளக்கை மறைத்தாலும், நடைபாதையில் மூடி இல்லாத குழி இருந்தாலும் இதே எண்தான். ஒருவர் மட்டும் சொல்வதைவிடத் தெருவில் ஐந்தாறு வீட்டார் தனித்தனியே புகார் பதிவு செய்தால் வேலை விரைவாக நடக்கும். இரண்டு வாரமாகியும் எரியவில்லை என்றால், புகார் எண்களை எல்லாம் சேர்த்து எழுதி, வார்டு கவுன்சிலரிடம் நேரில் கொடுங்கள்.